பேராசிரியரிடம் ஆய்வு வாய்ப்பு பெற்றுத்தரும் கட்டணச் சேவை: மொரீஷியஸின் ரோஸ் ஹில்லிலிருந்து ஒரு மதிப்புரை

என் மகள் மொரீஷியஸ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் இளநிலைப் பட்டப்படிப்பின் இரண்டாம் ஆண்டில் படிக்கிறாள். இளநிலை மாணவர்களுக்குப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களிடம் ஆய்வு வாய்ப்பு பெற்றுத் தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையவழிச் சேவையில் அவளைச் சேர்த்தோம். 12 வாரங்களுக்குக் கட்டணம் 1,200 அமெரிக்க டாலர். நம் பணத்தில் ஏறத்தாழ 55,000 மொரீஷியஸ் ரூபாய். பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எனக்கு அது ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டிய தொகை. அந்தப் பணத்துக்கு என்ன கிடைத்தது, எது கிடைக்கவில்லை, கடைசியில் அவளுக்கு வாய்ப்பு எந்த வழியாக வந்தது என்பதை விரிவாக எழுதுகிறேன். என் பள்ளியின் மேல்வகுப்பு மாணவர்களின் பெற்றோர் மூன்று பேர் இதே சேவையைப் பற்றி என்னிடம் விசாரித்துவிட்டார்கள். வாசலில் நின்று சொல்லி முடிக்கக்கூடிய செய்தியாக இது இல்லை. நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். இதே அச்சில் வார்த்த சேவைகள் பல இருக்கின்றன. நான் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த அச்சைப் பற்றியது.

சேர்ந்ததற்குக் காரணம் இருந்தது. 2019 முதல் இங்குள்ள அரசு உயர்கல்வி நிறுவனங்களில் முதல் பட்டப்படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. ஆகவே பட்டம் வரை பெற்றோருக்குப் பெரும் பாரம் இல்லை. சிக்கல் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. பிரான்சிலோ இங்கிலாந்திலோ ஆஸ்திரேலியாவிலோ முதுநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவரிடம், ஆய்வில் ஈடுபட்ட அனுபவம் உண்டா, உங்கள் வேலையை நேரில் பார்த்த ஆசிரியர் யாரேனும் பரிந்துரைக் கடிதம் தருவாரா என்று கேட்கிறார்கள். நம் பட்டப்படிப்பில் ஆய்வு என்பது இறுதியாண்டு ஆய்வேட்டில்தான் வருகிறது. விண்ணப்பங்களை அனுப்ப வேண்டிய மாதங்களும் அதே இறுதியாண்டில்தான் வருகின்றன. ஆய்வேடு பாதியில் நிற்கும்போதே விண்ணப்பம் போய்விட வேண்டியிருப்பதால், நெறியாளருக்கு மாணவரைப் பற்றிச் சொல்ல அப்போது அதிகம் இருக்காது. ஆகவே இரண்டாம் ஆண்டிலேயே ஒரு பேராசிரியரின் ஆய்வில் சிறு பங்காவது எடுத்துக்கொள்ள வேண்டும் என்று மகள் நினைத்தது சரியான எண்ணமே. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1969இல் மார்கரெட் மக்விகர் தொடங்கிய இளநிலை ஆய்வுத் திட்டம் இந்தத் தேவையை ஒரு நிறுவனத்தின் பொறுப்பாகவே ஆக்கியது. அங்கே இளநிலை மாணவர் பேராசிரியரின் ஆய்வில் சேர்ந்து, அதற்காகப் பாடமதிப்பெண்ணோ ஊதியமோ பெற முடிகிறது. அப்படி ஓர் அலுவலகம் கையைப் பிடித்து அழைத்துச் செல்லாத இடங்களில் மாணவர் தாமே வழி தேட வேண்டியிருக்கிறது. அந்த இடைவெளியில்தான் கட்டணச் சேவைகள் கடை விரித்திருக்கின்றன.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் ஓர் இளைஞரை வழிகாட்டியாகத் தந்தார்கள். வாரம் ஒருமுறை ஜூமில் முக்கால் மணி நேரம் பேசுவார். ஒருமுறைகூடத் தவறவில்லை, ஒருமுறைகூடப் பொறுமை இழக்கவில்லை. மகளின் தன்விவரக் குறிப்பை அவர் திருத்திய விதம் மிக நன்றாக இருந்தது. பள்ளியில் வாங்கிய பரிசுகளும், காவடித் திருநாளில் கோவிலில் செய்த தொண்டும், கட்டுரைப் போட்டிச் சான்றிதழ்களும் முதல் பக்கத்தை நிரப்பியிருந்தன. அவற்றையெல்லாம் இரண்டு வரிகளுக்குள் சுருக்கி, ஆய்வுக்குப் பயன்படக்கூடிய திறன்களை மேலே கொண்டுவரச் சொன்னார்: நுண்ணோக்கியில் மாதிரிகளைப் பார்த்து வரையத் தெரியும், ஆர் என்னும் நிரல்மொழியில் அட்டவணைகளைக் கையாளத் தெரியும், கடலில் நன்றாக நீந்தத் தெரியும். நீச்சல் தெரியும் என்பதை ஒரு தகுதியாக எழுதலாம் என்று எங்களுக்குத் தோன்றியதே இல்லை. கடல்சார் ஆய்வில் அதுதான் முதலில் கேட்கப்படும் கேள்வி என்று அவர் சொன்னது பின்னால் உண்மையாயிற்று. இந்த ஒரு பகுதிக்கு மட்டும் விலை வைத்திருந்தால், நியாயமான விலையில் மறுபடியும் வாங்குவேன்.

அடுத்து வந்தது பட்டியல். விளம்பரத்தில் மிகப் பெரிதாகச் சொல்லப்பட்டதும் இதுதான்: மாணவரின் ஆர்வத்துக்கேற்பத் தேர்ந்தெடுத்த 80 பேராசிரியர்களும், அவர்களுடன் சேர்த்துக் கோடைகால ஆய்வுத் திட்டங்கள் சிலவும். சேரும்போது நிரப்பிய படிவத்தில் மகள் தன் ஆர்வத்தைத் தெளிவாக எழுதியிருந்தாள். இந்தியப் பெருங்கடல் தீவுகளின் பவளப்பாறைகள், அவற்றை ஒட்டிய காயல்கள். வந்த பட்டியலில் இந்தியப் பெருங்கடலில் வேலை செய்யும் ஒருவர்கூட இல்லை. நன்னீர் மீன்களை ஆராய்பவர்கள் பலர் இருந்தார்கள். ஒருவர் பணி ஓய்வு பெற்றிருந்தார். இருவர் வேறு பல்கலைக்கழகங்களுக்கு மாறிப்போயிருந்தார்கள். அவர்களுடைய துறைப் பக்கத்தைத் திறந்து பார்த்தாலே தெரியும் செய்தி இது.

திட்டங்களின் நிலை இன்னும் வருத்தமளித்தது. அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியில் நடக்கும் இளநிலை ஆய்வுத் திட்டங்கள் பட்டியலின் உச்சியில் இருந்தன. அவை அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே உரியவை. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் நடத்தும் ரைஸ் திட்டம் அடுத்து இருந்தது. ஜெர்மனிக்குச் சென்று செய்யும் அந்தப் பயிற்சி வட அமெரிக்கா, பிரிட்டன், அயர்லாந்து ஆகிய இடங்களில் படிப்பவர்களுக்கானது. ஜெனீவாவில் உள்ள செர்ன் ஆய்வகத்தின் கோடைகால மாணவர் திட்டம் உறுப்பு நாடுகளுக்கு வெளியே உள்ளவர்களையும் ஏற்கிறது என்பது உண்மை. ஆனால் அது இயற்பியல், பொறியியல், கணினியியல் மாணவர்களுக்கு உரியது. மூன்றும் உயர்ந்த திட்டங்கள். என் மகளுக்கு மூன்றிலும் இடமில்லை. இதை நான் கண்டுபிடிக்கவில்லை. முதல் திட்டத்துக்கு நான்கு நாள் உட்கார்ந்து கட்டுரை எழுதி முடித்துவிட்டு, விண்ணப்பப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் குடியுரிமை பற்றிய கேள்வியைப் பார்த்து அவளே கண்டுபிடித்தாள். வழிகாட்டியிடம் கேட்டபோது, பட்டியலைத் தயாரிப்பது வேறு குழு என்றும் தமக்கும் அது முடிந்த வடிவில்தான் வருகிறது என்றும் உண்மையாகச் சொன்னார். மொரீஷியஸ் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு எந்தத் திட்டம் திறந்திருக்கிறது என்று பார்ப்பதுதான் இந்த வேலையின் முதல் படி. அந்தப் படியைச் செய்யாத பட்டியல் எத்தனை நீளமாக இருந்தாலும் மாணவரின் நேரத்தைத்தான் தின்னும்.

கடிதங்களைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். பேராசிரியர்களுக்கு அனுப்ப ஒரு மாதிரிக் கடிதம் தந்தார்கள். அதன் முதல் பத்தி பேராசிரியரின் புகழைப் பாடுகிறது. இரண்டாம் பத்தி மாணவரின் ஆர்வத்தைப் பாடுகிறது. மூன்றாம் பத்தி எந்த வேலையானாலும் செய்யக் காத்திருப்பதாகச் சொல்கிறது. பேராசிரியரின் பெயருக்கும் ஒரு கட்டுரையின் தலைப்புக்கும் இடம் விடப்பட்டிருந்தது. இரண்டு மாலைகளில் 60 கடிதங்கள் போயின. ஆறு வாரங்களில் ஐந்து பதில்கள் வந்தன. மூன்று பேர் இடமில்லை என்று கனிவாக எழுதினார்கள். ஒருவர் பல்கலைக்கழகத்தின் பொது விண்ணப்பப் பக்கத்தின் முகவரியை அனுப்பினார். ஒருவர், பயணச் செலவையும் தங்கும் செலவையும் நீங்களே ஏற்க முடியுமானால் பேசலாம் என்றார்.

பதில் எழுதாதவர்கள் மீது எனக்குக் குறையில்லை. இருபது ஆண்டுகளாகத் தேர்வுத் தாள்களைத் திருத்துகிற எனக்கு, மனப்பாடம் செய்து எழுதிய கட்டுரை இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். ஒரு பேராசிரியருக்கு இத்தகைய கடிதங்கள் எந்நேரமும் வந்துகொண்டே இருக்குமானால், அவருக்கும் அப்படியே தெரியும். மேலும், எந்த வேலையானாலும் செய்கிறேன் என்பது நமக்குப் பணிவாகப் படுகிறது. படிப்பவருக்கு அது கூடுதல் சுமையாகப் படுகிறது, ஏனென்றால் இந்த மாணவருக்கு என்ன வேலை கொடுக்கலாம் என்பதை அவர்தான் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நம் பிள்ளைகளிடம் இன்னொரு வழக்கமும் இருக்கிறது. ஆசிரியருக்கு மரியாதை என்றால் அவரைப் போற்றுவது என்று நாம் சொல்லி வளர்த்திருக்கிறோம். ஓர் ஆய்வாளர் பல ஆண்டு உழைத்து எழுதியதைப் பொறுமையாகப் படித்து, அதில் ஒரு கேள்வி கேட்பதைவிடப் பெரிய மரியாதை அவருக்கு இருக்க முடியாது. அந்த மாதிரிக் கடிதத்தில் இதற்கு ஒரு வரிகூட இடமில்லை.

எட்டாவது வாரம் ஒரு கூடுதல் திட்டம் பற்றிய மின்னஞ்சல் வந்தது. இன்னும் 900 டாலர் கட்டினால், மாணவரின் பெயர் ஆசிரியர் வரிசையில் இடம்பெறும் ஓர் ஆய்வுக் கட்டுரையை நான்கு மாதத்தில் ஓர் ஆய்விதழில் வெளியிட உதவுவதாகச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் மறுத்துவிட்டோம்; எல்லாப் பெற்றோரும் மறுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஒரு கட்டுரைக்கு யார் ஆசிரியர் என்பதற்கு வரையறைகள் இருக்கின்றன. மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு நான்கு நிபந்தனைகளைச் சொல்கிறது: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவிலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதியதில் அல்லது அறிவுசார்ந்து திருத்தியதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், அதில் உள்ள எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் பொறுப்பு. நான்கும் சேர்ந்தே இருக்க வேண்டும். உயிரியல் உட்பட மற்றத் துறைகளின் இதழ்களும் இதையொத்த நெறிகளைக் கடைப்பிடிக்கின்றன. நான்கு மாதத்தில் பணம் கட்டி வாங்கிய ஆசிரியர் பெயர் இவற்றில் எதையும் நிறைவு செய்யாது. அவர்கள் குறிப்பிட்ட ஆய்விதழை, யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த அணுக்க இதழ்களின் கோவையான டோஜில் மகள் தேடிப் பார்த்தாள், இல்லை. அந்தக் கோவை 2003இல் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். அதில் இல்லாத இதழ்கள் எல்லாம் மோசம் என்று சொல்ல முடியாது. ஆனால் கட்டணம் வாங்கி வெளியிடும் இதழ் ஒன்று அதிலும் இல்லை, நாம் மதிக்கும் பேராசிரியர் எவரும் அதில் எழுதியதும் இல்லை என்றால், அங்கே போக வேண்டியதில்லை. பின்னாளில் முதுநிலைச் சேர்க்கைக் குழு அந்தக் கட்டுரையைப் பற்றி ஒரு கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டியவள் இருபது வயதுப் பெண்.

ஒன்பதாவது வாரம் நாங்கள் சேவையின் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டோம். மகள் தானாகவே தேடத் தொடங்கினாள். அவளுக்குப் பவளத்தின் மேல் ஆர்வம் வந்தது புத்தகத்தால் அல்ல. 2020 ஜூலை 25 அன்று வகாஷியோ கப்பல் புவாந்த் தெஸ்னி அருகே பாறைத்திட்டில் ஏறி, ஆகஸ்டு 6 முதல் ஏறத்தாழ 1,000 டன் எண்ணெய் கடலில் கசிந்தபோது, அவள் மேல்நிலைப் பள்ளி மாணவி. மாஹேபூர்க் கரையில் தீவு முழுவதிலிருந்தும் மக்கள் கூடிக் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்து எண்ணெய்த் தடுப்புகள் தைத்தார்கள். அவளும் இரண்டு நாள் தைத்தாள். அங்கிருந்து சற்றுத் தொலைவில்தான் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 2008இல் சேர்ந்த புளூ பே கடற்பூங்கா இருக்கிறது. அந்தப் பவளங்கள் என்னவாயின என்ற கேள்வி அவளை விடவில்லை. உயிரியல் படிக்கச் சேர்ந்ததே அதனால்தான். இந்தக் கேள்வியைத்தான் அவள் கடிதத்தில் எழுதியிருக்க வேண்டும். மாதிரிக் கடிதத்தில் இதற்கு இடமில்லாததால் 60 பேருக்கும் இது தெரியாமலே போயிற்று.

கூகுள் ஸ்காலரில் மொரீஷியஸ், பவளம், காயல், வெளிறல் (பவளம் நிறமிழப்பது) போன்ற சொற்களை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மாற்றி மாற்றி இட்டு, கடந்த ஐந்தாண்டுகளில் வந்தவற்றை மட்டும் பிரித்தெடுத்தாள். பிரெஞ்சில் தேடியதால் பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனின் ஆய்வாளர்களின் கட்டுரைகள் வந்தன. இரு மொழியும் தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இது பெரிய வசதி, அதைப் பயன்படுத்த வேண்டும். பிறகு ஒவ்வொரு கட்டுரையிலும் ஆசிரியர்களின் நிறுவன முகவரியைப் பார்த்தாள். அப்போதுதான் தெரிந்தது: அவள் வாரத்தில் ஐந்து நாள் மெட்ரோ ஏறிப் போய் இறங்கும் பல்கலைக்கழகத்தின் ரெதுவி வளாகத்திலேயே, அவளுடைய வகுப்பிலிருந்து இரண்டு கட்டடம் தள்ளி, அவள் கேட்கும் கேள்வியோடு நெருங்கிய வேலையைச் செய்யும் விரிவுரையாளர் ஒருவர் இருக்கிறார். 80 பேர் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அவர் அவளுக்குப் பாடம் எடுப்பதில்லை. அதனால் அவளுக்கும் அவரைத் தெரியாது.

அவருடைய கட்டுரைகளில் இரண்டை முழுமையாகப் படிக்க அவளுக்கு மூன்று வாரம் பிடித்தது. முதல் வாசிப்பில் முடிவுரை மட்டும் விளங்கியது. வழிமுறைப் பகுதியை என்னிடம் வாய்விட்டு விளக்கச் சொன்னேன். எனக்கு உயிரியல் தெரியாது, ஆனால் அவள் எந்த இடத்தில் தடுமாறுகிறாள் என்பது கேட்கிறவருக்குத் தெரியும். தடுமாறிய இடங்களைக் குறித்துக்கொண்டாள். பிறகு எழுதிய கடிதம் 150 சொற்களுக்குள் அடங்கியது. நான் யார், உங்கள் இந்தக் கட்டுரையைப் படித்தேன், அதில் கடலடிப் படம் ஒவ்வொன்றிலும் 50 புள்ளிகளை மட்டும் பார்த்து வகைப்படுத்தியது ஏன் என்பது எனக்கு விளங்கவில்லை, படங்களை வகைப்படுத்தும் வேலையில் உதவி தேவைப்பட்டால் வாரம் ஆறு மணி நேரம் என்னால் தர முடியும், செவ்வாய் வியாழன் பிற்பகல்களில் வகுப்பில்லை. அவ்வளவுதான். மதிப்பெண் பட்டியலும் திருத்திய தன்விவரக் குறிப்பும் இணைப்பில் போயின. இதே முறையில் வேறு மூவருக்கும் தனித்தனியே எழுதினாள். நான்கில் இரண்டுக்குப் பதில் வந்தது. ரெதுவி விரிவுரையாளரிடமிருந்து பத்து நாள் வரை ஒன்றும் வரவில்லை. நேரில் போய்க் கதவைத் தட்டலாமா என்று கேட்டாள். பெரியவர்களின் அறைக்கு அழைக்காமல் போவது அதிகப்பிரசங்கித்தனம் என்று நாங்கள் சொல்லி வளர்த்த பெண் அவள், ஆகவே தயங்கினாள். மாணவர்களைச் சந்திக்கவென்று அறிவித்த நேரத்தில் போவதில் தவறில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

அந்தச் சந்திப்பு இருபது நிமிடம் நடந்தது. மதிப்பெண்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் கேட்கவில்லையாம். “கட்டுரையில் புரியாத இடம் வேறு எது?” என்று கேட்டாராம். குறித்துவைத்த தாளை எடுத்துக் காட்டியிருக்கிறாள். நீந்தத் தெரியுமா என்பது இரண்டாவது கேள்வி. மூன்றாவதாக அவர் சொன்னதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்: ஊதியம் தர இப்போது நிதி இல்லை, முதல் இரண்டு மாதம் கணினி முன்தான் வேலை, கடலில் இறங்கும் வேலைக்குப் பாதுகாப்புப் பயிற்சி முடித்த பிறகே அனுப்புவேன், கட்டுரையில் பெயர் வரும் என்று இப்போது வாக்குத் தர முடியாது. சேவையின் விளம்பரத்தில் இருந்த எதையும் அவர் வாக்களிக்கவில்லை. வீட்டுக்கு வந்து அவள் இதைச் சொன்னபோது எனக்கு அவர் மேல் நம்பிக்கை வந்தது. ஊதியமில்லாத உழைப்பு எத்தனை மணி நேரம், எத்தனை மாதம் என்பதை முதலிலேயே எழுத்தில் பேசிக்கொள்ள வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவரும் மகிழ்ச்சியோடு ஒரு பக்கத்தில் எழுதித் தந்தார். பகுதிநேர வேலை செய்துதான் படிக்க முடியும் என்ற நிலையில் உள்ள மாணவருக்கு இந்த வழி எளிதாக இராது; அது இந்த ஏற்பாட்டின் உண்மையான குறை.

வேலை என்னவென்று சொல்கிறேன், ஏனென்றால் ஆய்வு என்றதும் வெள்ளை அங்கியையும் கண்டுபிடிப்பையும் நினைத்துக்கொள்ளும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கடலடியில் சதுரச் சட்டம் வைத்து எடுத்த புகைப்படங்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. இதற்கென்றே உள்ள கோரல்நெட் என்னும் இலவச இணையக் கருவி ஒவ்வொரு படத்தின் மேலும் தற்போக்கில் புள்ளிகளை இடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் அடியில் இருப்பது உயிருள்ள கடினப் பவளமா, மென்பவளமா, இறந்த பவளமா, பாசியா, உடைசல்களா, மணலா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். ஒரு படத்துக்கு 50 புள்ளிகள். முதல் வாரம் ஒரு படத்துக்கு அரை மணி நேரம் ஆயிற்று. இப்போது பத்து நிமிடத்துக்குள் முடிகிறது. அவள் குறித்தவற்றை உடனே பயன்படுத்திவிடவில்லை. அவளும் முனைவர் பட்ட மாணவர் ஒருவரும் ஒரே 40 படங்களை ஒருவர் குறித்ததை ஒருவர் பார்க்காமல் குறித்தார்கள். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்பதை, தற்செயலாக ஒத்துப்போகக்கூடிய பங்கைக் கழித்துவிட்டுக் கணக்கிடும் ஓர் அளவு இருக்கிறது. யாக்கோப் கோஹென் 1960இல் தந்த அந்த அளவுக்குக் காப்பா என்று பெயர். முதல் முறை அது குறைவாக வந்தது. இறந்த பவளத்தின் மேல் படர்ந்த மெல்லிய பாசியை அவள் ஒரு வகையாகவும் அவர் இன்னொரு வகையாகவும் குறித்திருந்தார்கள். வரையறையை உட்கார்ந்து பேசித் திருத்தி எழுதினார்கள். அந்தத் திருத்தத்தில் ஒரு வாக்கியம் அவளுடையது. அன்று மாலை அவள் வீட்டுக்கு வந்த முகத்தை நான் மறக்க மாட்டேன். 50 புள்ளிகள் ஏன் என்ற தன் கேள்விக்கும் விடையைச் செய்தே கற்றுக்கொண்டிருக்கிறாள்: புள்ளிகளைக் கூட்டினால் ஒரு படம் துல்லியமாகும், அதே நேரத்தைச் செலவிட்டுப் படங்களின் எண்ணிக்கையைக் கூட்டினால் பாறை முழுவதும் துல்லியமாகும்.

தீவு சிறியது என்பதால் இங்கே ஆய்வு இல்லை என்று நினைக்கும் பெற்றோருக்காக இதையும் சேர்க்கிறேன். கரும்பு ஆய்வு நிறுவனம் 1953 முதல் ரெதுவியிலேயே இருக்கிறது. ப்ரா தோவில் ஆங்கில டி எழுத்தின் வடிவில் அமைந்த மொரீஷியஸ் வானொலித் தொலைநோக்கி, இரண்டு கிலோமீட்டருக்கும் சற்று நீண்ட கையில் 1,024 சுருள் அலைவாங்கிகளுடன் தென்வானத்தை 151.5 மெகாஹெர்ட்சில் வரைபடமாக்குவதற்காகப் பெங்களூரு ஆய்வு நிறுவனங்களோடு சேர்ந்து எழுப்பப்பட்டது. இயற்பியல் மாணவர் தேட வேண்டிய பெயர்கள் அந்தத் தொலைநோக்கி பற்றிய ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கின்றன. 1974இல் நான்கே பறவைகளாகக் குறைந்திருந்த மொரீஷியஸ் வல்லூறு இன்று காடுகளில் பறக்கிறது என்றால், அதன் பின்னால் கூடுகளை எண்ணிப் பதிவுசெய்த கைகள் பல.

மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணங்களைப் பற்றித் தமிழாசிரியை என்ற முறையில் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். ஒப்பந்தத் தொழிலாளர்களின் அந்தப் பதிவேடுகள் 2015இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. தமிழ்ப் பெயர்கள் எழுத்தரின் காதில் விழுந்தபடி பிரெஞ்சு, ஆங்கில எழுத்துக்கூட்டலில் பதிவானதால், ஆறுமுகமும் முத்துசாமியும் சின்னத்தம்பியும் இன்று எத்தனையோ வடிவங்களில் குடும்பப் பெயர்களாக நிற்கிறார்கள். ஒரே பெயரின் பல எழுத்துக்கூட்டல்களை இணைக்கும் வேலைக்கு நிரல் எழுதத் தெரிந்த கணினி மாணவரும் வேண்டும், முத்து என்ற சொல் எப்படியெல்லாம் திரியும் என்று காதால் அறிந்த தமிழ் மாணவரும் வேண்டும். தமிழில் பட்டம் படிக்கும் பிள்ளைகள் ஆய்வு வாய்ப்பு என்றால் அறிவியல் துறைக்கு உரியது என்று ஒதுங்கிவிடுகிறார்கள். வரலாற்றுப் பேராசிரியர் ஒருவரிடம் இப்படி ஒரு சிறு வேலையைச் சொல்லிக்கொண்டு போகும் தமிழ் மாணவரை அவர் வரவேற்பார் என்றே நம்புகிறேன். ஆவணங்களைப் பார்க்க முறையான அனுமதி வேண்டும். குடும்பங்களின் தனிப்பட்ட செய்திகள் அவற்றில் இருப்பதால் அது நியாயமானதே.

இனி பணத்தின் கதை. 12 வாரம் முடிந்ததும், வாய்ப்பு கிடைக்காவிட்டால் பாதிக் கட்டணம் திருப்பித் தரப்படும் என்ற உறுதிமொழியைக் காட்டி எழுதினேன். ஒப்பந்தத்தின் ஆறாம் பக்கத்தை எடுத்துக் காட்டிப் பதில் எழுதினார்கள். அங்கே வாய்ப்பு என்ற சொல்லுக்குப் பேராசிரியர் ஒருவரிடமிருந்து பெறப்படும் பதில் என்று பொருள் தரப்பட்டிருந்தது. ஆக, இடமில்லை என்று எழுதிய மூன்று கடிதங்களும் மூன்று வாய்ப்புகளாகக் கணக்கில் சேர்ந்துவிட்டன. கையெழுத்துப் போடுமுன் நான் அந்தப் பக்கத்தைப் படித்திருக்க வேண்டும். சேர நினைக்கும் பெற்றோர் வாய்ப்பு, உறுதி, வெளியீடு என்ற மூன்று சொற்களுக்கும் ஒப்பந்தம் என்ன பொருள் தருகிறது என்று முதலில் பார்க்கட்டும்.

ஐந்துக்கு இரண்டு தருகிறேன். அந்த இரண்டும் வழிகாட்டிக்கும் அவர் திருத்திய தன்விவரக் குறிப்புக்கும் உரியவை. வீட்டில் முதல்முறையாகப் பல்கலைக்கழகம் போகும் பிள்ளை, ஆங்கிலத்தில் எழுதத் தயங்கும் பிள்ளை, கேட்டுத் திருத்த அருகில் யாருமில்லாத பிள்ளை ஆகியோருக்கு அந்தப் பகுதி உண்மையிலேயே உதவும். ஆனால் அதை மட்டும் தனியே வாங்க இந்தச் சேவை அனுமதிப்பதில்லை. பட்டியலுக்கும் மாதிரிக் கடிதத்துக்கும் கூடுதல் திட்டத்துக்கும் நான் மதிப்பெண் தர மாட்டேன்.

விசாரித்த மூன்று பெற்றோருக்கும் மகளின் 150 சொல் கடிதத்தை அவள் சம்மதத்துடன் காட்டினேன், நகல் கொடுக்கவில்லை. அவர்களில் ஒருவருடைய மகன் வேளாண்மை படிக்கிறான். கரும்பு நோய்கள் பற்றிய ஒரு கட்டுரையை அச்சிட்டு எடுத்துக்கொண்டு சென்ற சனிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தான். வழிமுறைப் பகுதியில் மூன்று இடங்களில் பென்சில் கோடு போட்டிருந்தான். அந்த மூன்றையும் அவனும் என் மகளும் இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.